பதினேழாம் பொட்டலம்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். இதைச் சொல்ல வெட்கமில்லை. இருபத்திரண்டு வருஷம் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கிற வேலை பார்த்தவள் நான். காலையில் முன்னால் கொட்டினால் சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராமல் சொத்தை, வெடிப்பு, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். அத்தனை வருஷம் கெட்ட காயையே தேடிப் பழகிய கண், வேலையை விட்ட பிறகும் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று பார்க்கும். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்க்கும். அந்தக் கண்ணை நம்பி நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பெண்கள் எழுத்து வட்டம் ஒன்று ஆறு வருஷமாக நடக்கிறது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மதியம் மூன்று மணி, கடைக்கார அக்கா வீட்டு மாடி. கடைக்கார அக்கா என்று நான் சொல்வது நான் வேலை பார்த்த கடையின் முதலாளியம்மாவை. வேலை பார்த்த காலத்தில் “அம்மா” என்றுதான் கூப்பிட்டேன். வட்டத்தில் சேர்ந்த முதல் நாளே, “இங்க வந்து அம்மா கிம்மான்னு நின்ன, படியில உருட்டி விட்ருவேன். அக்கான்னு கூப்புடு” என்றார். மொத்தம் பதினான்கு பேர். டீச்சர்கள் உண்டு, நர்ஸ் உண்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே கவிதை யோசிக்கிறவர்கள் உண்டு. போடிமெட்டுக்கு மேலே கேரள எஸ்டேட்டில் காய் எடுக்கிற பெண் ஒருத்தி ஜீப்பில் தொற்றிக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவாள். வந்ததும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து குமட்டலை அடக்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

இலக்கியம் ஒரு மணி நேரம் என்றால் பலகாரம் ஒன்றரை மணி நேரம் ஓடும். ஆனாலும் வட்டத்தைச் சும்மா சொல்லக்கூடாது. எங்களில் நாலு பேர் கதை வார இதழில் வந்தது. உள்ளூர் ரேடியோவில் இரண்டு பேர் வாசித்தார்கள். மதுரைப் புத்தகக் கண்காட்சிக்கு ஒரே ரயில் பெட்டியில் ஏறி, போகிற வழியெல்லாம் கவிதை வாசித்து, எதிர்ச் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எழுப்பிக் கைதட்ட வைத்திருக்கிறோம். திரும்பி வரும்போது பையில் புத்தகத்தைவிட மல்லிகைப்பூ அதிகமாக இருந்தது. அதுவும் உண்மைதான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏலக்காயை ஏலம் விடும்போது சாம்பிள் பொட்டலத்துக்கு எப்படி நம்பரோ, அப்படித்தான் எங்கள் கதைகளுக்கும். யார் தோட்டத்துக் காய் என்று பார்க்காமல், முகர்ந்து, நசுக்கி, நிறத்தைப் பார்த்து விலை சொல்ல வேண்டும். விலை பிடிக்காவிட்டால் காய்க்காரர் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார். அக்கா அதையே மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். “பேரப் பாத்தா மூஞ்சிக்குத் தக்கனதான் பேசுவீக. கதைய மட்டும் பாருங்க” என்றார். எழுதியதை டைப் அடித்து, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பேர் எழுதாமல் கவரில் போட்டு ஒட்டி, படிக்கட்டில் இருக்கும் பெரிய பிஸ்கட் டப்பாவில் யாரும் பார்க்காதபோது போட்டுவிட வேண்டும். அக்கா கவர் மேல் நம்பர் எழுதுவார். கைக்கு வந்த கவரை யாராவது எடுத்து வாசிப்பார்கள். யார் எழுதியது என்று கேட்கக்கூடாது. பேச்சு பிடிக்காவிட்டால், எழுதியவள் தன் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு கதை வெளியே போனால்தான், பத்திரிகைக்கோ போட்டிக்கோ, பேர் தெரியும்.

இந்த வழக்கத்தில் என் வார்த்தைக்கு மதிப்பு கொஞ்சம் கூடுதல். காய் பிரித்தவள் அல்லவா. “என்ன தரம், சொல்லு” என்று அக்கா என் பக்கம்தான் திரும்புவார். நானும் “கொழுத்த காய்” என்பேன், “வெடிப்பு” என்பேன், “சொத்தை, ஒதுக்கிருங்க” என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கும் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

என் பக்கத்து நாற்காலி ராசிங்காபுரத்துக்காரிக்கு. முதல் கூட்டத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்தாள், அப்படியே ஒட்டிக்கொண்டோம். சொந்தமில்லை, பந்தமில்லை, ஆனாலும் ஒருவருக்கொருவர் மதினி. மக்காச்சோளமும் தக்காளியும் போடுகிற சம்சாரி வீடு அவளுடையது. அவளுக்கு எப்போதும் ஜலதோஷம். சித்திரை வெயிலிலும் கைக்குட்டையும் கையுமாகத்தான் வருவாள். “மூக்கச் சிந்திட்டு நிதானமாச் சொல்லு மதினி, கதை எங்கயும் ஓடிறாது” என்று கேலி பண்ணுவோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆறு வருஷத்தில் வட்டத்தில் எல்லாருக்கும் ஏதோ ஒரு பரிசு, ஏதோ ஒரு பத்திரிகை என்று வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

இனி என் வீட்டுக் கதை. என்னவர் தனியார் பஸ் கம்பெனியில் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாதவனைப் பிடித்துப் பிடித்து, இப்போது வீட்டில் என்னைச் செக் பண்ணுகிறார். எழுதாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டால் அவருக்கு எங்கிருந்தோ தாகம் வந்துவிடும். “தண்ணி கொண்டா.” ரிமோட் காணாமல் போகும். கண்ணாடி காணாமல் போகும். கொண்டுபோய்க் கொடுத்தால், “என்ன, காவியமா?” என்று ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்னால் ஒரு வரி எழுத முடியாது. அதனால் நான் குளியலறையில் எழுதினேன். சிவப்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, மடியில் நோட்டை வைத்து. முடிந்ததும் நோட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வென்டிலேட்டர் திட்டில் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் செருகிவிடுவேன். ரொம்ப நேரமானால் வெளியே மோட்டார் நிற்கும். “டேங்க்கு காலியாகுது!” என்று சத்தம் வரும். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருவேன். வட்டத்துக்குக் கொடுக்க வேண்டியதை, அவர் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து போனில் டைப் அடிப்பேன்.

இது யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமா! ஒரு சிறுகதைப் போட்டியில் பரிசு வாங்கியபோது மேடையில் மைக்கைப் பிடித்து, “நான் எழுதும் ஒவ்வொன்றுக்கும் முதல் வாசகர் என் கணவர்தான்” என்றேன். முதல் வரிசையில் அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். கைதட்டல் அடங்க நேரமானது. முதல் வாசகராம், மண்ணாங்கட்டி! அன்றிலிருந்து வட்டத்தில் எல்லாரும் என்னைக் காட்டித்தான் தங்கள் வீட்டுக்காரர்களிடம் பேசினார்கள். “அந்த அண்ணனப் பாருங்க, எப்படி ஒத்தாசையா இருக்காரு.”

வட்டத்துக்கு ஒரு தொகுப்பு போடுவது என்று போன வருஷம் முடிவானது. எங்கள் சொந்தப் புத்தகம், எழுதியவர்கள் பேரெல்லாம் கடைசிப் பக்கத்தில். டப்பாவில் சேர்ந்த இருபத்துச் சொச்சம் பொட்டலங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கிற அன்று மாடிப்படி ஏறும்போது மதினி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். “இந்தத் தடவை நானும் ஒண்ணு போட்டிருக்கேன் மதினி. எதுன்னு சொல்ல மாட்டேன். அது மட்டும் புத்தகத்துல வந்துட்டா, எம்பேரு கடைசிப் பக்கத்துல இருந்துட்டா, அதுக்கப்புறம் நான் ஒரு வரி எழுதலைன்னாலும் கவலையில்ல.” சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

பதினேழாம் பொட்டலம் என் கைக்கு வந்தது. பிரித்தேன், வாசிக்க ஆரம்பித்தேன்.

“நீல வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். குழாயைப் பாதி திறந்துவிட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும்வரை அவள் குளிக்கிறாள். சத்தம் நின்றால் அவள் எழுதுகிறாள் என்று தெரிந்துவிடும்.”

யாத்தே! அடுத்த வரியில் நோட்டை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்தாள். அதற்கடுத்த வரியில் அதை எடுத்த இடம் வென்டிலேட்டர் திட்டு. என் கையில் தாளின் ஓரம் படபடத்தது. ஃபேன் காற்று என்று நினைத்து யாரோ எழுந்து ஃபேனைக் குறைத்தார்கள். தொடர்ந்து வாசித்தேன். கதவு மூன்று முறை தட்டப்பட்டது. அவள் அவசரமாகத் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். “நாலு வரி எழுத ஒரு தலைக்குளியல். தலை நனையாமல் வெளியே போனால் மாட்டிக்கொள்வாள்.” இரண்டு பக்கம்தான். முடித்தபோது மாடியில் யாரும் பலகாரத் தட்டைத் தொடவில்லை.

மலையிலிருந்து வருகிற பெண்தான் முதலில் பேசினாள். “எந்தா சேச்சி இது, உடம்பெல்லாம் புல்லரிக்குது. அம்புட்டும் நெசம்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தரம் சொல்ல வேண்டியவள் நான். அவர்கள் பார்வையில் ஒரு துளி அறிதல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முகமாகத் தேடினேன். யாருக்குத் தெரியும்? யார் பார்த்தது? எழுதியவள் இந்த மாடியில்தான் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பயம்தான் கோபமாக வந்தது என்று இப்போது தெரிகிறது.

“இப்படி ஒரு பொம்பளை எந்த ஊர்ல இருக்கா?” என்றேன். “எழுதுறதுக்குப் போயி பாத்ரூமுல ஒளியிறதுன்னா, புருசன் என்ன புலியா? அப்படி ஒருத்தி இருக்கவே மாட்டா. இருந்தா அவளுக்கு எழுத்து எதுக்கு? பாத்தா நல்ல காய் மாதிரி இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல. சொத்தை. ஒதுக்கிருங்க.”

சிரித்தார்கள். மதினி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள். கை தூக்கச் சொன்னபோது பதினேழுக்கு ஐந்து கைதான் எழுந்தது. அக்காவுக்கு அதை ஒதுக்க மனசில்லை. “அடுத்த மாசம் இன்னொரு தடவ பாப்போம், டப்பாவுலயே கெடக்கட்டும்” என்றார். எல்லாரும் கீழே இறங்கிய பிறகு, செருப்பைத் தேடுகிற சாக்கில் டப்பாவைத் திறந்து இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். சாட்சி வேண்டுமே.

அந்த ஒரு மாதம் நான் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை. முதலில் மலைக்காரப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். அம்புட்டும் நிஜம் என்று எப்படிச் சொன்னாள்? ஆனால் அவள் என் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. ஜீப்பை விட்டு இறங்கினால் மாடி, மாடியை விட்டு இறங்கினால் ஜீப். பிறகு என்னவரையே சந்தேகப்பட்டேன். நோட்டைக் கண்டுபிடித்து யாரிடமாவது சொல்லியிருப்பாரோ? ஒரு தலைமுடியை எடுத்து பிளாஸ்டிக் கவரின் மடிப்பில் வைத்து, நாலு நாள் கழித்துப் பார்த்தேன். முடி வைத்த இடத்திலேயே இருந்தது. சினிமாவில் துப்பறிகிறவர்கள் வீட்டில் இதற்கெல்லாம் ஆள் இருப்பார்கள் போல. எனக்கு ஈரக் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கை வீங்கியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் தீபாவளி ஞாபகத்துக்கு வந்தது. மதினி அதிரசம் கொண்டுவந்திருந்தாள். பஸ்சில் வந்த அலுப்பு, முகம் கழுவிக்கொள்கிறேன் என்று குளியலறைக்குப் போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. என்ன மதினி என்றதற்கு, “ஒண்ணுமில்ல, வெரசாப் போகணும், வீட்ல சோலி கெடக்கு” என்று காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

சரிதான். கண்டுபிடித்துவிட்டேன். போனில் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். வாளி, குழாய், கவர், வென்டிலேட்டர். எல்லாம் என்னுடையது. ஆனால் என் வாளி சிவப்பு, கதையில் நீலம். அடையாளம் தெரியக்கூடாதென்று மாற்றியிருக்கிறாள், கள்ளி! என்னவர் கதவைத் தட்டமாட்டார், மோட்டாரைத்தான் நிறுத்துவார். கதையில் மூன்று தட்டு. உப்புக் காரம் சேர்த்திருக்கிறாள். நான் முகம் மட்டும்தான் கழுவுவேன், கதையில் தலைக்குக் குளிக்கிறாள். சும்மா ஜோடனை. பொருந்தியதெல்லாம் திருட்டுக்குச் சாட்சி, பொருந்தாததெல்லாம் தந்திரத்துக்குச் சாட்சி. சந்தேகம் வந்துவிட்டால் அப்படித்தான், எந்தக் காயைத் தொட்டாலும் சொத்தையாகவே தெரியும்.

ஒரு பரிசுகூட வாங்காதவள், என் வீட்டு அவமானத்தை எடுத்து அவள் பேரில் புத்தகத்தில் ஏற்றப் பார்க்கிறாள் என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. போன் பண்ணி நைச்சியமாகக் கேட்டேன். “அந்தப் பதினேழு யாரு எழுதியிருப்பா மதினி?” “யாரா இருந்தா என்ன மதினி. அதான் சொத்தைன்னு ஆயிருச்சே” என்று வைத்துவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா?

அடுத்த இரண்டாம் ஞாயிறு மதினி வரவில்லை. டப்பாவைத் திறந்தால் பதினேழாம் பொட்டலமும் இல்லை. எழுதியவள் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான், வழக்கப்படி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. “நல்ல சரக்கு. போச்சு” என்று அக்கா மட்டும் சொன்னார். இன்னும் பத்து நாளில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேரில் போய் அவள் முகத்துக்கு எதிரே கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

புதன்கிழமை ராசிங்காபுரத்துக்கு பஸ் ஏறினேன். போனில் சாட்சிப் படம் இருந்தது. கேட்க வேண்டிய கேள்விகளை பஸ்சிலேயே வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவள் இல்லை. அவள் வீட்டுக்காரர்தான் வாசலில் உட்கார்ந்து உரச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். “வாங்கம்மா, வாங்க. காட்டுல தக்காளி எடுக்க ஆள் வந்திருக்கு, இந்தா வந்துருவா” என்று நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். நல்ல மனுஷன். நானாகக் கேட்காமலே குறை சொல்ல ஆரம்பித்தார். “நீங்களாச்சும் சொல்லுங்க. அன்னாடம் தலைக்கு ஊத்துறா. மூக்கு ஒழுகாத நாளில்ல. உள்ள போனா ஒரு மணி நேரம். அப்படி என்னதான் அழுக்கோ!”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கால் கழுவிக்கொள்கிறேன் என்று பின்கட்டுக்குப் போனேன். தனியாகக் கட்டிய சின்னக் குளியலறை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். மூலையில் நீல வாளி கவிழ்ந்து கிடந்தது. அதன் அடிப்பாகம் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது. மேலே வென்டிலேட்டரைப் பார்த்தேன். சிகைக்காய் டப்பாவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கவர் நீட்டிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காலைக் கழுவவென்று திறந்த குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கதவு தட்டப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. “ஏத்தா, வந்துட்டியா? தண்ணி வீணாப் போகுதுல்ல!” என்றது அவர் குரல். நான் வெளியே வந்திருப்பேன், அவள்தான் காட்டிலிருந்து நேரே உள்ளே போயிருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். என் கை தானாகப் போய்த் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றப் பார்த்தது. நிறுத்திக்கொண்டேன்.

ஆறு வருஷமாக அந்த ஜலதோஷத்தைக் கேலி பண்ணியிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் பழகிய கண்ணாம்!

மதினி தக்காளிக் கறை படிந்த கையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் பின்பக்கம் வேப்ப மரத்தடியில் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பதினேழு ஒன்னோடதா மதினி?”

“ஆமா. எடுத்துட்டு வந்து அடுப்புல போட்டுட்டேன். போன்ல இருந்ததயும் அழிச்சாச்சு.”

“ஏன் மதினி?”

“நீதான சொன்ன, அப்படி ஒருத்தி இருக்க மாட்டான்னு.” அவள் என்னைப் பார்க்கவில்லை, காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வேற யாரு சொல்லியிருந்தாலும் போங்கடின்னு விட்ருப்பேன். தீவாளிக்கு ஒன் வீட்டுக்கு வந்தப்ப வென்டிலேட்டர்ல நோட்டப் பாத்தேன். தொடக்கூட இல்ல, சத்தியமா. பாத்ததும் எனக்கு அழுகையா வந்துச்சு. மேடையில அப்படிப் பேசுறவளுக்கும் இதுதானா, நாம ரெண்டு பேரு இருக்கமான்னு. அந்தத் தைரியத்துலதான் எழுதுனேன். ஊரே சிரிச்சாலும் நீ ஒருத்தி ஆமான்னு சொல்லுவன்னு நெனச்சேன்.”

போனை எடுத்து அவள் மடியில் வைத்தேன். இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன. அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கறை படிந்த விரல் திரையில் சிவப்பாக ஒட்டியது.

“எதுக்கு எடுத்து வச்ச?”

பொய் சொல்லியிருக்கலாம். கதை பிடித்திருந்தது, அதனால் எடுத்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். “என் வீட்டுக்குள்ள பூந்து திருடிட்டன்னு ஒன்னப் பிடிக்கத்தான்” என்றேன்.

“அடிப்பாவி!” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புத்தகத்தில் சேர்த்துவிடலாம், நான் அக்காவிடம் சொல்கிறேன், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கெஞ்சினேன். போனை என் கையில் திருப்பித் தந்து, “போடு. ஆனா எம்பேரு வேணாம்” என்றாள். “அன்னைக்கு நீ ஆமான்னு சொல்லியிருந்தா பேரோடயே வந்திருக்கும். வீட்ல என்ன சொன்னாலும் சமாளிச்சிருப்பேன். இப்ப அந்தத் தைரியம் இல்ல மதினி. நீல வாளி, மூணு தட்டுன்னு வந்தா இவருக்குத் தெரிஞ்சு போகும். அதையும் மாத்திரு.”

வெளியீட்டு விழா ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. நல்ல கூட்டம். கல்லூரியிலிருந்து பிள்ளைகள்கூட வந்திருந்தார்கள். என்னவர் வழக்கம்போல முதல் வரிசையில், துண்டோடு. மதினியும் அவள் வீட்டுக்காரரும் நாலாவது வரிசையில். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு கதைகளுக்குப் பேர் இருந்தது. பதின்மூன்றாவதாகச் சேர்த்த கதைக்கு நேரே வெறும் பதினேழு என்ற எண். ஒரு கதையை மேடையில் வாசிக்க வேண்டும் என்றார்கள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

சிவப்பு வாளி என்று வாசித்தேன். புத்தகத்திலும் அப்படித்தான் மாற்றியிருந்தேன். மூன்று தட்டு இருந்த இடத்தில், “வெளியே மோட்டார் நின்றது. டேங்க் காலியாகிறது என்று சத்தம் வந்தது” என்று வாசித்தேன். தலைக்குளியலை எடுத்துவிட்டு, முகம் கழுவுவதைப் போட்டிருந்தேன். என்னவர் தலை தூக்கிப் பார்த்தார். நான் எழுதிய ஒன்றையும் படிக்காதவர், அன்றுதான் முதன்முறையாக ஒரு வரியும் விடாமல் கேட்டார். வாசித்து முடித்ததும், “இப்படி ஒரு பொம்பளை இருக்க மாட்டான்னு நான்தான் சொன்னேன். இருக்கா. நான் குளியலறையிலதான் எழுதுறேன்” என்றேன். கைதட்டல் வரக் கொஞ்சம் நேரமானது.

வீட்டுக்கு வந்ததும் என்னவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “எத்தன வருசமா?” என்று கேட்டார். “ஆறு வருசமா” என்றேன். இப்போது கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாகம் எடுத்தால் அவரே எழுந்து போகிறார், பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைக்கிறார்.

மதினி வட்டத்துக்கு வருகிறாள். பக்கத்து நாற்காலிதான். பலகாரம் கொண்டுவருகிறாள், சிரிக்கிறாள், அடுத்தவர்கள் கதைக்குக் கைதட்டுகிறாள். பதினேழு ரொம்பப் பேர் வாங்கிவிட்டது. எழுதியது நான் என்றே பாதி ஊர் நினைக்கிறது. இல்லை என்று சொன்னால் அடக்கம் என்கிறார்கள். அவளைக் காட்டவும் முடியாமல் விழிக்கிறேன்.

நாலு மாதமாக அவளுக்கு ஜலதோஷம் இல்லை. கைக்குட்டைகூடக் கொண்டுவருவதில்லை. “அப்பாடா, மதினிக்கு மூக்கு சரியாப் போச்சு, என்ன மருந்து?” என்று எல்லாரும் சந்தோஷமாகக் கேட்கிறார்கள். தலைக்கு ஊற்றுவதையே விட்டுவிட்டாளோ என்றுதான் எனக்கு ஓடுகிறது. கேட்கப் பயமாக இருக்கிறது. அதனால் இரண்டாம் ஞாயிறு வந்தால் நான் அரை மணி நேரம் முன்னாலேயே போய், படிக்கட்டில் உட்கார்ந்து, பிஸ்கட் டப்பாவுக்குள் ஒவ்வொரு கவராக எடுத்துப் பார்க்கிறேன்.